வைக்கோல் புகையும் பிழை வீதமும்

நிலையத்தை மலைநாட்டுக்கு மாற்றுகிறார்கள். அதையொட்டி ஒரு நினைவு மலர் வெளிவருகிறதாம். அதற்கு நான் கட்டுரை எழுத வேண்டும் என்று இர்பான் தொலைபேசியில் கேட்டார். இர்பான் என்னிடம் வேலை பழகியவர், என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றே அழைப்பார். இப்போது அங்கே பொறுப்பான பதவியில் இருக்கிறார்.

"காக்கா, வளிமண்டலத்தப் பத்தி எழுதுங்க. செய்மதியில இரிந்து வாற ஒளிய எங்கட கரையோரக் காத்து என்ன பாடு படுத்தின எண்டு எழுதினாச் சரி. ஆக்களப் பத்தி வாணாம். விளங்கும்தானே?"

"விளங்குது" என்றேன்.

விளங்கத்தான் செய்தது. ஆனால் அந்த நிலையத்தில் வளி செய்ததையும் ஆட்கள் செய்ததையும் என்னால் தனித்தனியே எழுத முடியவில்லை. இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் என்னோடு வேலை செய்த ஜெயராசா நினைவில் வந்து நடுவில் நின்றார். ஆகவே சேர்த்தே எழுதியிருக்கிறேன். மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் இர்பானின் விருப்பம்.

என் ஆரம்ப காலத்தில் சொல்ல அதிகம் இல்லை. அரச சேவையில் வானிலை அவதானியாக இருந்தேன். வெள்ளைப் பெட்டிக்குள் தொங்கும் வெப்பமானிகளை வாசிப்பது, மழைமானியில் தேங்கிய நீரை அளப்பது, வானத்தின் எட்டுப் பங்கில் எத்தனை பங்கை முகில் மூடியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துத் தீர்மானிப்பது, இவைதாம் வேலை. சண்டை நடந்த ஆண்டுகளிலும் வாசிப்பைத் தவறவிட்டதில்லை. பிறகு ஒலுவிலுக்கு வடக்கே, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணல் மேட்டில், செய்மதி எனும் செயற்கைக்கோளிலிருந்து ஒளிவழியே இரகசியச் சாவி பெறும் தரைநிலையத்தைக் கட்டினார்கள். காற்றையும் ஈரப்பதனையும் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று என்னை எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் சில மாதம் பயிற்சி. அங்கே குளிர் என்பதைத் தவிர வேறு எதுவும் இப்போது மனதில் இல்லை.

நிலையம் என்ன செய்தது என்று தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். செய்மதி கடந்து போகும் சில நிமிடங்களில், மிக மெல்லிய ஒளியை, துகள் துகளாக நம்மை நோக்கி அனுப்பும். ஒவ்வொரு துகளும் ஒரு திசையில் அதிரும். அந்தத் திசைகளைப் படித்து, செய்மதியும் நாமும் ஒரே எண்வரிசையை உண்டாக்கிக்கொள்வோம். அதுதான் சாவி. பிறகு எந்தச் செய்தியையும் அந்தச் சாவியால் பூட்டி அனுப்பலாம். நடுவில் எவராவது துகளைப் பிடித்துப் பார்த்தால் அதன் திசை குலையும். இரு பக்க எண்களையும் ஒப்பிடும்போது பிழையாகத் தெரியும். பிழை ஒரு வரம்பைத் தாண்டினால் அன்றைய சாவி முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

இதை எங்களுக்கு முதன்முதலில் விளக்கியவர் நிலையத்தின் பணிப்பாளர். கலாநிதிப் பட்டம் பெற்றவர். எங்கள் கரையோரத்தைச் சேர்ந்தவர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. பேசத் தொடங்குமுன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். தொலைநோக்கியின் வில்லை துடைக்க வாங்கிய மென்தாளில் ஒன்றை எடுத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு, வட்டம் வட்டமாக, ஒரு துளி அழுத்தமும் இல்லாமல் துடைப்பார். வில்லையை எப்படித் துடைக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்ததோ அப்படியே. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டும்வரை யாரும் வாய் திறக்க மாட்டோம்.

அன்று வெண்பலகையில் இரண்டு வீடுகளை வரைந்தார். நடுவில் ஒரு ஒழுங்கை, ஒடுங்கிய தெரு.

"இந்த வீடு செய்மதி. இது நாம. ஒழுங்கை முழுக்க எதிரிட கையில எண்டு வைங்க. ஒழுங்கையில நடக்கிற பிழை எல்லாம், காரணம் என்னவா இரிந்தாலும், கள்ளன்ட கணக்கிலதான் எழுதணும். காத்து செஞ்சிரிக்கும், முகில் செஞ்சிரிக்கும் எண்டு மன்னிக்கப்படா. மன்னிச்சா, கள்ளன் காத்து மாதிரி வருவான்."

ஜெயராசா கையை உயர்த்தினார். "அப்ப வீட்டுக்குள்ள கள்ளன் இரிந்தா சேர்?"

எல்லோரும் சிரித்தோம். பணிப்பாளரும் சிரித்தார்.

"வீட்டுக்குள்ள இரிக்கிறவன நம்பித்தான் ஆகணும் ஜெயராசா. வீட்டுக்குள்ள சந்தேகம் வந்தா இந்தக் கணிதமே இல்ல. மறுகா பூட்டு எதுக்கு, சாவி எதுக்கு?"

அன்று வீடு திரும்பியதும் அந்தப் பதிலை நாட்குறிப்பில் எழுதிவைத்தேன், அழகான பதில் என்பதற்காக.

ஜெயராசா காரைதீவைச் சேர்ந்தவர். என்னைவிட இளையவர். தொலைநோக்கியை இயக்கும் தொழில்நுட்பவியலாளர். படிக்கிற காலத்தில் மச்சானுடைய மின்னலங்காரக் கடையில் வேலை செய்திருக்கிறார். கோயில் திருவிழாக்களுக்குக் கம்பங்களில் ஏறி வர்ணப் பல்பு கட்டிய கை அது. அந்தக் கைதான் பிறகு தொலைநோக்கியின் பெரிய ஆடியைக் கழுவியது. ஆடி கழுவுவது சாதாரண விடயமல்ல. கடற்கரை நிலையத்தில் உப்பு நாள்தோறும் வந்து படியும். உப்பின்மேல் துணியை வைத்தால் அது மணல்தாளாக மாறி ஆடியைக் கீறிவிடும். முதலில் காற்றை ஊதி, பிறகு வடித்த நீரைச் சாய்வாக ஓடவிட்டு, ஓடும் நீரோடு உப்பு கரைந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். ஜெயராசா காத்திருப்பார். றிஸ்வி என்ற எங்கள் இன்னொரு கருவி இயக்குநர் பொறுமையில்லாதவர்.

"என்னடா, புள்ளயக் குளிப்பாட்டுறியா?" என்பார் றிஸ்வி.

"ஓம். உனக்கிட்டத் தந்தா தோலையும் உரிச்சிருவாய்."

செய்மதி வருவதற்கு முன்பான ஒழுங்கும் அப்படித்தான். குவிமாடத்தை நேரத்தோடு திறந்து, ஆடியின் சூடு வெளிக்காற்றின் சூட்டுக்கு இறங்கும்வரை விட வேண்டும். சூடான ஆடிக்கு மேலே காற்று கொதிக்கும், கற்றை நடுங்கும். பிறகு பனி படிகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் செய்மதி வரப்போகும் பாதையிலேயே தொலைநோக்கியைத் திருப்பி, எதுவும் இல்லாத வெறும் வானத்திலிருந்து எத்தனை ஒளித்துகள் வந்து விழுகின்றன என்று எண்ண வேண்டும். செய்மதி போன பிறகும் அதையே மறுபடி செய்ய வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வெறும்வான் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையை எடுக்காமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. ஜெயராசா ஒருநாளும் விட்டதில்லை.

இனி வளிமண்டலத்துக்கு வருகிறேன், இர்பான் கேட்டதற்கு.

வானத்து வெள்ளிகள், நட்சத்திரங்கள், மினுங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சூடும் குளிருமான காற்றுக் கட்டிகள் ஒளியை இங்குமங்கும் வளைப்பதால் வருவது அது. செய்மதியின் கற்றையும் அப்படியே அலையும், விரியும், தொலைநோக்கியின் வாயைத் தவறவிடும். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து காய்ந்த காற்று வரும், வானம் துடைத்த தட்டுப் போலிருக்கும். வாடையோடு மழைமுகில் வந்தால் வேலையே இல்லை. கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரு மென்புகார் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, துகள்களை விழுங்கும்.

ஒன்றை மட்டும் இளையவர்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். வளிமண்டலம் துகளின் அதிர்வுத் திசையைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. அதாவது காற்று பொய் சொல்லாது. துகளை விழுங்கும், அல்லது வேறு பக்கம் சிதறடிக்கும். நமக்கு வரவேண்டியது வராமல் போகும், அவ்வளவுதான். ஆனால் அந்த வெற்றிடத்தில் ஊர் வெளிச்சம் வந்து நிற்கும். தெரு விளக்கும் கடை விளக்கும் தூசியிலும் புகையிலும் பட்டுத் தெறித்து, தொலைநோக்கிக்குள் விழும். அவற்றுக்கு எந்த ஒழுங்கான திசையும் இல்லை. செய்மதியின் துகள்கள் நிறைய இருந்தால் இந்த வெளிச்சம் கணக்கில் வராது. அவை குறைந்து இவை கூடினால், கருவி இவற்றையும் சாவி என்று எண்ணும், பிழை ஏறும். கள்வன் வந்தாலும் பிழை ஏறும். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று.

நோன்பு மாதத்தில் எங்களிடம் ஒரு வழமை இருந்தது. நிலையத்தில் ஜெயராசாவைத் தவிர, நான் உட்பட மற்ற இயக்குநர்கள் எல்லோரும் முஸ்லிம்கள். செய்மதி பெரும்பாலும் நோன்பு திறக்கிற நேரத்துக்கும் இரவுத் தராவீஹ் தொழுகை முடியும் நேரத்துக்கும் இடையில்தான் எங்கள் வானத்தைக் கடக்கும். அந்த மாதம் முழுவதும் மாலைக் கடமையை ஜெயராசா ஏற்றுக்கொள்வார். வைகாசியில் அவர்களுடைய அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் கிழமையில் நாங்கள் அவருக்காக நிற்போம். தைப்பொங்கலுக்கும் அப்படியே. யாரும் கட்டளை போடவில்லை, யாரும் விண்ணப்பிக்கவில்லை. தலைப்பிறை தென்பட்ட மறுநாள் பணிப்பாளர் கட்டுப்பாட்டறைக் கதவடியில் வந்து நிற்பார்.

"ஜெயராசா, இந்த முறையும் நீங்கதானே?"

"வேற ஆரு சேர்? என்ன விட்டா இங்க வெறும் வயிறாத்தான் இரிக்கும்."

"அல்லாஹ் உங்களுக்கு நன்மை தரட்டும்."

"அது தரட்டும் சேர். கஞ்சியும் வரட்டும்."

கஞ்சி போகும். என் வீட்டிலிருந்தும் றிஸ்வி வீட்டிலிருந்தும் மாறி மாறி நோன்புக் கஞ்சி வாளியில் போகும். கஞ்சிக்காகத்தான் கடமை பார்க்கிறான் என்று றிஸ்வி சீண்டுவார். உங்கட நோன்ப விட எண்ட கஞ்சிதான் ஒழுங்கு என்று ஜெயராசா திருப்பிச் சொல்வார்.

இரண்டு வருடம் முன்பு, நோன்பு மாதமும் பெரும்போக நெல் அறுவடையும் ஒன்றாக வந்தன. அந்த மாதத்தின் முதற் கிழமையிலேயே பிழை வீதம் ஏறியது. வரம்பைத் தொட்டது, தாண்டியது. சாவிகளை எறிந்தோம். வானம் முகிலில்லாமல் இருந்தது. வெள்ளிகள் தெரிந்தன. முகில் பார்க்கும் கெமரா எல்லா நாளும் 'தெளிவு' என்றே குறித்தது.

நான் நிந்தவூரில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருபவன். மேற்கே வயல்வெளி முழுவதும் அறுவடை முடிந்து, வெட்டும் இயந்திரம் விட்டுப்போன வைக்கோலை எரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த போகத்துக்கு நிலம் விரைவாய் வேண்டும், எரிப்பதுதான் எளிது. பகலில் கடற்காற்று அந்தப் புகையை உள்ளே தள்ளிவைக்கும். பொழுதுபட்டதும் காற்றுத் திரும்பி, தரையிலிருந்து கடலுக்கு வீசும். புகை ஆள் உயரத்துக்கும் பனை உயரத்துக்கும் நடுவே மெல்லிய பாய் விரித்ததுபோல் வந்து எங்கள் தலைக்கு மேல் நிற்கும். அண்ணாந்து பார்த்தால் வெள்ளி தெரியும். ஆனால் செய்மதி மேற்கே தாழ்வாக வரும் நாள்களில் கற்றை அந்தப் பாய் முழுவதையும் நீளவாட்டில் ஊடறுத்து வர வேண்டும். அதே வேளை நோன்பு மாதம் என்பதால் ஊர் முழுவதும் விளக்கு. பள்ளிவாசல்களில் மினாரா அடியிலிருந்து நுனிவரை பல்புமாலை. கடைத்தெரு தராவீஹுக்குப் பின்னும் அடங்காது. அத்தனை வெளிச்சமும் அந்தப் புகையில் பட்டுத் திரும்பியது.

இது எனக்கு மட்டும் தெரிந்த இரகசியமல்ல. பணிப்பாளருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புகையில் ஒளி சிதறுவது பற்றிய கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்.

வெளிநாட்டுப் பங்காளிகளிடமிருந்து கேள்வி வந்தது. கொழும்பிலிருந்தும் வந்தது. பிழை ஏறிய எல்லாச் செய்மதிக் கடப்பிலும் கருவியை இயக்கியவர் ஒரே ஆள் என்று அவர்களுடைய கணினி கண்டுபிடித்திருந்தது. அந்த நிலையத்தில் வேலை செய்ய எல்லோருக்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அது பறிபோனால் அந்த வேலை மட்டுமல்ல, கோபுரம், கட்டுப்பாட்டறை, கெமரா என்று அந்தத் தொழிலின் எந்தக் கதவும் பிறகு திறக்காது. ஜெயராசாவுக்கு வேறு தொழில் இல்லை. பணயத்தில் இருந்தது அதுதான்.

காலை வேளையில் பணிப்பாளரின் அறைக்குப் போனேன். காற்றிலுள்ள புகையை அளக்கும் சிதறல்மானியின் வாசிப்புகளையும் காற்றுத் திசையையும் கொண்டுபோயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மென்தாள் எடுத்தார். நான் காத்திருந்தேன்.

"ஹனீபா, இது நிலத்தில இரிக்கிற கருவி. கற்றை வாறது சாய்வா. நிலத்தில அளந்தத வச்சி சாய்வுப் பாதையப் பத்திச் சொல்ல ஏலுமா?"

"முழுசா ஏலா சேர். ஆனா வெறும்வான் எண்ணிக்கை இரிக்கி. செய்மதி வாறதுக்கு முன்னயும் பின்னயும் வானத்தில வெளிச்சம் எவ்வளவு கூடியிரிக்கி எண்டு அதில தெளிவா இரிக்கி."

"அத எடுத்தது ஆரு?"

கொண்டுபோன தாள்களை மேசையில் வைத்தேன்.

"ஜெயராசா எடுத்தத வச்சி ஜெயராசாவ விடச் சொல்றீங்க. கொழும்பு ஒத்துக்கொள்ளுமா?"

"அப்ப நாளைக்கே வேற ஆள இயக்க விடுங்க சேர். நான் நிக்கன். தராவீஹ் ஒரு நாள் போனாப் போகட்டும். பிழை அப்பிடியே இரிக்கும்."

"பாப்பம்" என்றார்.

அவர் பார்க்காததன் காரணம் அறையிலேயே இருந்தது. சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது, நிலையத்தின் அடிக்கல் நாட்டு விழாப் படம். அந்த மணல் மேட்டைத் தெரிவுசெய்தவர் அவர். இடம் பொருத்தமா என்று வானத்தை அளந்த மாதங்கள், வயலில் பயிர் பச்சையாய் நிற்கிற, கச்சான் வீசுகிற மாதங்கள். அப்போது யாரும் எதையும் எரிப்பதில்லை, நோன்பும் அப்போது இல்லை. பிழை வளியுடையது என்றால் இடமும் பிழை, இடம் பிழை என்றால் அறிக்கையும் பிழை. பிழை ஒரு ஆளுடையது என்றால் ஆளை மாற்றினால் போதும்.

எழும்பி வரும்போது கேட்டேன். "சேர், ஒழுங்கையில நடக்கிறதத்தானே கள்ளன்ட கணக்கில எழுதச் சொன்னீங்க. இது வீட்டுக்குள்ள இரிக்கிற ஆள்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார், மிக மெதுவாக.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து இருவர் வந்தார்கள். பணிப்பாளர் மூன்றாவது ஆள். வந்த இருவருக்கும் தமிழ் தெரியாது, ஜெயராசா அந்த நேரத்தில் தமிழிலேயே பேச விரும்பினார். மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். ஒரு நாற்காலி தள்ளி, ஜெயராசா இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கையில் எதுவும் இல்லை.

அவர்கள் கடுமையாகப் பேசவில்லை. ஒழுங்கான மனிதர்கள். கேட்கவேண்டியதைக் கேட்டார்கள்.

உங்கள் உறவினர் ஒருவர் விளக்கு வியாபாரம் செய்கிறாரா? ஓம். தொலைநோக்கியை நோக்கி அடிக்கக்கூடிய சக்திவாய்ந்த விளக்குகள் அவரிடம் உண்டா? திருவிழாவுக்குக் கட்டுற பல்பு இரிக்கி. அவர் நிலையத்துக்கு வந்திருக்கிறாரா? ஒருக்கா என்ன ஏத்திக்கொண்டு போக வந்தார், கேற்றடியில நிண்டார்.

பிறகு இந்தக் கேள்வி வந்தது. கடமைப் பட்டியலின்படி மாலைக் கடமை மூன்று பேருக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. ஏன் எல்லா நாளும் நீங்கள் மட்டும் வந்தீர்கள்?

"அவங்களுக்கு நோன்பு சேர்."

மொழிபெயர்த்தேன்.

உங்களை வரச்சொல்லிக் கட்டளையிட்டது யார்?

ஜெயராசா என்னைப் பார்த்தார். பிறகு பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளரின் கையில் மென்தாள் சுற்றிக்கொண்டிருந்தது, நடுவிலிருந்து விளிம்புக்கு. ஜெயராசா போதிய நேரம் காத்திருந்தார். ஆடியில் உப்பு கரையக் காத்திருப்பவர் போலவே இருந்தார்.

"ஒருத்தரும் சொல்லல்ல" என்றார். "அது வழமை."

வழமை என்பதற்கு அவர்கள் மொழியில் சொல் இருக்கிறது. சொன்னேன். அது அந்த அறையில் எதையும் குறிக்கவில்லை. நானும் என் பங்கைச் சொன்னேன். இது எங்களெல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு, பணிப்பாளருக்கும் தெரியும் என்றேன். வந்தவர்களில் மூத்தவர் பணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"அப்படி எழுத்துமூலமான அனுமதி எதுவும் என்னால் வழங்கப்படவில்லை" என்றார் பணிப்பாளர்.

அது உண்மை. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நான் கேட்ட, வேறு ஆள் இயக்கிப் பார்க்கும் சோதனையையும் அனுமதித்தார்கள். பெருநாள் விடுமுறை கழிந்த பிறகு நடத்துவதாகத் திகதி குறித்தது பணிப்பாளர். அதற்குள் பள்ளிவாசல்களில் பல்புமாலைகளைக் கழற்றிவிட்டார்கள். பெருநாளை அடுத்து இடியோடு மழை வந்து இரண்டு மாலை ஊற்றியது. எரிந்த வயல்களில் நீர் நின்றது. புகை எங்கும் இல்லை. சோதனை நாளில் இர்பான் முதன்முதலாகத் தனியே கருவியை இயக்கினார். பிழை வீதம் வரம்புக்கு வெகு கீழே இருந்தது. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைவிடத் தெளிவான வானத்தை அந்த ஆண்டு நான் பார்க்கவில்லை.

ஜெயராசாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குற்றம் செய்தார் என்று எங்கேயும் எழுதவில்லை. 'தலையீடு நிகழ்ந்திருப்பதற்கான சாத்தியத்தை நிராகரிக்க முடியவில்லை' என்றே எழுதினார்கள். கணிதம் சொல்லித்தந்த வசனம்தான், காற்றுக்கு எழுதவேண்டியதை ஆளுக்கு எழுதினார்கள். பாதுகாப்பு அனுமதி போயிற்று. தொலைத்தொடர்புக் கோபுரங்கள் பராமரிக்கிற ஒரு இடத்திலும், துறைமுகத்தில் ஒரு இடத்திலும் கேட்டுப் பார்த்தார். அனுமதியைப் பற்றிய கேள்வி வந்ததும் கதவு மூடியது.

கடைசி நாள் ஆடியைக் கழுவிவிட்டுத்தான் போனார். றிஸ்வி சீண்டவில்லை. வாசலில் நின்று, "மச்சான், நாங்க…" என்று தொடங்கினார்.

"விடு" என்றார் ஜெயராசா. "நீ நோன்பாளி. பொய் சொல்லப்படா."

நோன்பு அப்போது முடிந்திருந்தது. அதைச் சொல்லத் தோன்றவில்லை யாருக்கும்.

அடுத்த ஆண்டு நோன்பு மாதம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்தது. அறுவடையும் அதே நேரம். வைக்கோல் எரிந்தது, மினாராக்களில் பல்பு எரிந்தது. மாலைக் கடமையை இர்பானும் றிஸ்வியும் நானும் முறைபோட்டுப் பார்த்தோம். தராவீஹை வீட்டிலே தொழுதோம். பிழை வீதம் முதற் கிழமையிலேயே ஏறி வரம்பைத் தாண்டியது. நான் இயக்கிய நாளும் தாண்டியது.

திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோசம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எல்லா வாசிப்புகளையும் எழுதி முடித்து, மறுநாள் காலை பணிப்பாளரின் அறைக்குக் கொண்டுபோனேன். எடுத்துவைத்தேன். அவர் வாசித்தார், முழுவதும், நிதானமாக. இம்முறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நல்ல தரவு" என்றார்.

"ஜெயராசாட பேரத் துடைக்க இது காணும் சேர்."

"அது நிருவாக விடயம் ஹனீபா. முடிஞ்சிட்டு. இது அறிவியல். ரெண்டையும் போட்டுக் குழப்பப்படா."

சில மாதம் கழித்து அவருடைய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. நெற்பயிர்ச் செய்கைப் பிரதேசங்களில் அறுவடைக்குப் பிந்திய புகையும் பண்டிகைக்கால ஒளியும் செய்மதிக் குவாண்டம் தொடர்பைப் பாதிக்கும் விதம் பற்றியது. அவதானிப்புக்கு உதவியவர்கள் என்று எங்கள் பெயர்களையும் போட்டிருந்தார். நன்றாக எழுதியிருந்தார். ஒரு இடத்திலும் பிழையில்லை. இத்தகைய நிலையங்கள் உயரமான இடங்களில் அமைவதே பொருத்தம் என்று முடித்திருந்தார். அந்தக் கட்டுரையின் பேரில்தான் இப்போது நிலையம் மலைக்குப் போகிறது. அவரும் அதன் தலைவராகப் போகிறார். முன்பு இடம் பிழை என்று ஒத்துக்கொள்வது தோல்வி. இப்போது அது கண்டுபிடிப்பு.

எனக்கு ஓய்வு பெறும் வயது இன்னும் வரவில்லை. ஆயினும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். காரணம் கேட்கும் இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன்.

இளையவர்கள் என்ன பாடம் என்று கேட்பார்கள், அதற்காகத்தான் மலர் போடுகிறார்கள். வெறும்வான் எண்ணிக்கையை ஒருவர் மட்டும் எடுக்க விடாதீர்கள். உங்களில் ஒருவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சான்றை அவரே தனியாக உண்டாக்கும் நிலையில் விடாதீர்கள். இடத்தை அளப்பதென்றால் அறுவடையிலும் அளந்து பாருங்கள், நோன்பிலும் அளந்து பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த வழமையை எழுதிக் கையொப்பமும் வாங்கி வையுங்கள், எழுதியபின் அது வழமையாக இருக்காது என்றாலும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வளிமண்டலம்.

இந்த நோன்புக்கு இரண்டு நாள் முன்பு, பின்னேர அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தேன். மினாராவில் ஏணி சாத்தியிருந்தது. உச்சியில் நின்று ஒருவர் பல்புமாலை கட்டிக்கொண்டிருந்தார். கீழே ஜெயராசாவின் மச்சானுடைய கடைப் பெயர் எழுதிய வான் வண்டி நின்றது. ஜெயராசா என்று ஏணியில் நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. காத்திருந்தேன். இறங்கி வந்தார். தலைமுடி நரைத்திருந்தது.

"காக்கா, சுகமா?"

"இரிக்கன். நீங்க?"

"பாக்கிறீங்கதானே. இப்பதான் உண்மையா நான் நிலையத்துக்கு வெளிச்சம் அடிக்கன்." சிரித்தார். "எழுதினவங்க முன்கூட்டியே எழுதிட்டாங்க. நான்தான் சுணங்கிட்டன்."

என்னால் சிரிக்க முடியவில்லை. அண்ணாந்து பார்த்தேன். தெற்குப் பக்கப் பல்புகளுக்கெல்லாம் தகரத்தில் வெட்டிய சிறு மூடிகள் போட்டிருந்தார், வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி. மற்றப் பக்கங்களில் மூடி இல்லை. தெற்கே இருப்பது நிலையம்.

"ஜெயராசா, நிலையம் இப்ப வேலை செய்யிறல்ல. ஆடியக் கழட்டி மலைக்கு அனுப்பிட்டாங்க. குவிமாடம் சும்மா கிடக்கு."

"தெரியும் காக்கா. இர்பான் சொன்னார்."

"மறுகா ஏன் மூடி?"

வண்டியிலிருந்து இன்னும் ஒரு கை மூடிகளை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏணியில் கால் வைத்தார்.

"எங்கயாவது பிழை வந்தா எண்ட பேரத்தானே முதல்ல தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு, மற்றப் பக்கப் பல்புகளையும் மூட மேலே ஏறினார்.